ஒருநாள் திறந்த பள்ளிகள்

கி. பி. 2021-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள், இங்கிலாந்து நாட்டின் தொடக்கப் பள்ளிகள் பல கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து மீண்டும் திறக்கப்பெற்றன. அன்றிரவு 8 மணிக்குத் தலைமை அமைச்சர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சி வாயிலாக நாட்டு மக்களிடம் பேசினார். மறுநாள் முதல் பள்ளிகளும் கல்லூரிகளும் மிகப் பெரும்பாலான மாணவர்க்கு மூடப்படும் என்று அவர் அறிவித்தார். பள்ளிகள் பாதுகாப்பானவை என்றும், திறந்துள்ள பள்ளிகளுக்குப் பெற்றோர் தம் மக்களை அனுப்ப வேண்டும் என்றும் அதற்கு முதல்நாள் கூறியவரும் அவரே. காலையில் திறந்த கதவு இரவில் அடைபட்டது.

அவ்வார இறுதியில் ஆசிரியர் பலர் தம் தலைமையாசிரியர்க்கு மடல் விடுத்திருந்தனர். தாம் பணிபுரியும் இடத்தில் பேரபாயம் நெருங்கியுள்ளதாகக் கருதுவதால், நிறைந்த வகுப்பறைக்குள் வர இயலாதென்று அம்மடலில் தெரிவித்தனர். வீட்டிலிருந்து கற்பிக்கவும், மருத்துவர் முதலிய இன்றியமையாப் பணியாளரின் குழந்தைகட்கும் தனிப் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகட்கும் பள்ளிக்கே வந்து பாடம் சொல்லவும் தாம் இசைவதாகவும் குறித்தனர். இம்மடலைக் கடமை மறுப்பு என்றார் சிலர். தற்காப்பு என்றார் வேறு சிலர். இவ்விரண்டனுள் எது பொருந்தும் எனத் தீர்ப்பளிப்பதினும், இத்தகைய மடலை எழுத வேண்டிய சூழ்நிலை எவ்வாறு உருவாயிற்று என ஆராய்தலே வரலாறு கற்பார்க்கு ஏற்ற பணியாகும். பள்ளியைத் திறக்குமாறு ஆணையிடும் அதிகாரம் ஓரிடத்தும், திறந்தபின் நேரும் தீங்கிற்கான பொறுப்பு வேறோரிடத்தும் இருந்தமையே அச்சூழ்நிலைக்கு வேர் என்பது நம் கருத்து. அதனைச் சான்றுகள் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. முன்னைய பெருநோயும் திறந்த பள்ளிகளும்

பெருநோய்க் காலத்தில் பள்ளியைத் திறந்து வைத்தல் எவ்வாற்றானும் தவறு என்று கூறுதல் இயலாது. அதற்கு முன்னோடி உண்டு. 1918-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நச்சுக் காய்ச்சல் அமெரிக்க நகரங்களிற் பரவியபொழுது, பெரிய நகரங்களுள் மிகப் பலவும் தம் பள்ளிகளை மூடின. அந்நாட்டு நகரங்கள் 43-இன் வரலாற்றைப் பின்னாளில் ஆராய்ந்தோர், நியூயார்க், சிக்காகோ, நியூஹேவன் ஆகிய மூன்று மட்டுமே பள்ளிகளைத் திறந்து வைத்திருந்தன எனக் காட்டியுள்ளனர்.

இம்மூன்றனுள் நியூயார்க்கின் செய்தி நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. அந்நகரின் உடல்நல ஆணையர் ராயல் கோப்லண்டு என்பார்; குழந்தை நலப் பிரிவின் தலைவர் ஜோசபின் பேக்கர் என்னும் பெண் மருத்துவர். அந்நாளில் நகரப் பள்ளிகளிற் பயின்ற குழந்தைகள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர். அவருள் முக்காற் பங்கினர் நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். காற்றும் ஒளியும் குறைந்த அவ்வீடுகளைவிடத் தூய்மையும் காற்றோட்டமும் உடைய பள்ளியே குழந்தைகட்கு நலம் பயக்கும் என்பது அவ்விருவர் முடிபு.

இம்முடிபு வெறும் நம்பிக்கையின்மேல் எழுந்ததன்று. 1897-ஆம் ஆண்டு முதலே அந்நகரில் பள்ளி மருத்துவச் சோதகர் நியமிக்கப்பெற்றிருந்தனர். 1902-ஆம் ஆண்டில் பள்ளிச் செவிலியர் முறை தொடங்கியது. எனவே 1918-இல் ஆசிரியர் செய்ய வேண்டியது இன்னது என்பது தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் வெளியிற் கூடி நில்லாமல் நேரே வகுப்பறைக்கு வருதல் வேண்டும். ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையையும் பார்த்து, நோய்க்குறி உடையாரைப் பிரித்து வைத்தல் வேண்டும். அதன்பின் உடல்நலத் துறையினர் வந்து அக்குழந்தையைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொள்வர். பள்ளி திறந்திருக்க வேண்டும் என முடிவு செய்த துறையே மருத்துவரையும் செவிலியரையும் பள்ளிக்கு அனுப்பியது. முடிவும் கருவியும் பொறுப்பும் ஒரு கையில் இருந்தன.

ஆயினும், அந்நகரத்து முறை எல்லாரையும் அமைதிப்படுத்தியது என்று கொள்ளற்க. திறந்திருந்த நகரங்களிலும் பெற்றோர் பலர் அஞ்சித் தம் மக்களை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டனர். சிக்காகோ நகரில் வருகை பெரிதும் குறைந்தது. அச்சம் ஆணையால் நீங்குவதில்லை என்பது அன்றே காணப்பட்ட உண்மை.

2. சட்டம் வளர்ந்த வரலாறு

இனி இங்கிலாந்தை நோக்குவோம். 2021-இல் ஆசிரியர் விடுத்த மடலின் அடிப்படை, 1996-ஆம் ஆண்டுப் பணியுரிமைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவாகும். அபாயம் கடுமையானது, உடனே நேரக்கூடியது, தன்னால் தடுத்தற்கரியது என்று நியாயமாக நம்பும் ஊழியன் பணியிடத்தை விட்டு நீங்கினாலும் அங்குத் திரும்ப மறுத்தாலும், அதற்காக அவனுக்கு வேலை தருவோர் தீங்கு செய்தலாகாது என்பது அப்பிரிவின் சாரம். இது பள்ளிகளை மனத்திற்கொண்டு இயற்றப்பெற்றதன்று. இதன் பிறப்பு கடலிலும் தொழிற்சாலையிலும் நிகழ்ந்தது.

1974-ஆம் ஆண்டுப் பணியிட உடல்நலப் பாதுகாப்புச் சட்டம், வேலை தருவோர் தம் ஊழியரின் நலத்தை இயன்ற அளவு காத்தல் வேண்டும் எனக் கடமை விதித்தது. 1977-ஆம் ஆண்டு விதிகள் தொழிற்சங்கத்தார் தம் பாதுகாப்புப் பிரதிநிதிகளை நியமிக்க இடந்தந்தன. 1988-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் வட கடலில் பைப்பர் ஆல்பா என்னும் எண்ணெய் மேடை தீப்பற்றி 167 பேர் மாண்டனர். அதன்பின் கடல்மேடைத் தொழிலாளர் அபாயத்தை எடுத்துரைத்தமைக்காகப் பழிவாங்கப்படாமல் காக்கும் சட்டம் 1992-இல் பிறந்தது. இதற்கிடையே, 1989-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஐரோப்பியச் சமூகம் பணியிடப் பாதுகாப்பு பற்றி வெளியிட்ட நெறிமுறை, அபாய வேளையில் பணியிடத்தை நீங்கும் உரிமையை எல்லாத் தொழிலாளர்க்கும் உரியதாக்கியது. இந்நெறி 1993-இல் ஆங்கிலச் சட்டத்துட் புகுந்து, 1996-இல் 44-ஆம் பிரிவாக நிலைபெற்றது.

இவ்வரலாற்றால் பெறப்படுவது யாது? அபாயத்தின் அருகில் நிற்பவன் அதனைப் பற்றிக் கொண்ட நியாயமான கருத்திற்கு மதிப்பளித்தல் வேண்டும் என்பதைப் பல உயிர்களை இழந்த பின்னரே சட்டம் கற்றுக்கொண்டது. ஆயின் இவ்வுரிமை எல்லையற்றதன்று. நம்பிக்கை நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்னும் கட்டளை அதனோடு பிணைந்தே உள்ளது. பெருந்தொற்றின்போது வேலைக்கு வர மறுத்த தொழிற்கூட ஊழியர் ஒருவர், இதனோடு ஒத்த பிறிதொரு பிரிவின்கீழ்த் தொடுத்த வழக்கை, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்கவில்லை. பொதுவாக நோய்க்கு அஞ்சுதல் வேறு. பணியிடத்தில் கடிய அபாயம் நெருங்கியுள்ளது என நியாயமாக நம்புதல் வேறு என்பது அத்தீர்ப்பால் விளங்கிற்று.

பள்ளிகளைப் பொறுத்தவரை மற்றொரு சிக்கலும் உண்டு. இங்கிலாந்தின் அரசாங்கம் ஆசிரியர்க்கு நேரே வேலை தருவதன்று. சில பள்ளிகளில் உள்ளாட்சி மன்றமும், சிலவற்றில் பள்ளி ஆட்சிக் குழுவும், அகாதமி எனப்படும் பள்ளிகளில் அவற்றை நடத்தும் அறக்கட்டளையும் வேலை தருவோர் ஆவர். 1974-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் கடமை இவர்கள்மேற் சார்வது. பள்ளியைத் திறக்கச் சொல்பவர் அமைச்சர். திறந்த பள்ளியில் அபாயத்தை மதிப்பிட்டுக் காப்பு ஏற்பாடு செய்ய வேண்டியவர் தலைமையாசிரியரும் அவர்க்கு மேலுள்ள மன்றமும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள இடைவெளியில்தான் ஆசிரியர் நின்றனர்.

3. 2020: மார்ச் முதல் நவம்பர் வரை

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், அவ்வாரம் வெள்ளிக்கிழமையோடு பள்ளிகள் மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. மூடப்பட்டன என்னும் சொல் முற்றும் பொருந்தாது. இன்றியமையாப் பணியாளரின் குழந்தைகட்கும் காப்பு வேண்டுவார்க்கும் அவை திறந்தே இருந்தன. ஆசிரியர் முறைவைத்துப் பள்ளிக்குச் சென்றனர். ஏனையோர்க்கு இணையவழியே பாடம் அனுப்பினர். கல்வித்துறையிடம் இவ்வளவு பெரிய இடையூற்றைச் சமாளிக்க முன்னரே வகுத்த திட்டம் எதுவும் இல்லை என்று, 2021-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் தன் அறிக்கையிற் குறித்தது.

2020 மே 10-ஆம் நாள், ஜூன் 1 முதல் தொடக்கப் பள்ளிகளின் சில வகுப்புகளைத் திறக்கும் எண்ணத்தைத் தலைமை அமைச்சர் வெளியிட்டார். ஆசிரியரின் கவலை ஒழுங்கான வடிவம் பெற்றது இக்காலத்திலேயாம். தேசியக் கல்விச் சங்கம் என்பது 1870-இல் தோன்றிய பழைய ஆசிரியர் சங்கமும் பிறிதொரு சங்கமும் 2017-இல் ஒன்றியதால் அமைந்தது. அது ஐந்து நிபந்தனைகளை முன்வைத்தது. நோயாளர் எண்ணிக்கை மிகவும் குறைதல் வேண்டும். இடைவெளி பேணுதற்கு நாடு தழுவிய திட்டம் வேண்டும். நோய்ச் சோதனை விரிவாக நடைபெறல் வேண்டும். ஒரு பள்ளியில் நோய் தோன்றின் அப்பள்ளி முழுவதற்கும் உரிய வழிமுறை வேண்டும். நோயால் எளிதிற் பாதிக்கப்படுவார்க்குத் தனிக் காப்பு வேண்டும் என்பன அவை. பள்ளியைத் திறக்கவே கூடாது என்பது இவ்வைந்தனுள் ஒன்றன்று என்பதை நோக்குக. பிரித்தானிய மருத்துவச் சங்கமும் ஆசிரியரின் எச்சரிக்கை தக்கதே என்றது. லிவர்ப்பூல், ஆர்ட்டில்பூல் முதலிய நகர்களின் மன்றங்கள் ஜூன் 1-இல் திறப்பதற்கு உடன்படவில்லை. எல்லாத் தொடக்க வகுப்புகளையும் கோடை விடுமுறைக்கு முன் திறக்கும் திட்டத்தை ஜூன் 9-ஆம் நாள் அரசு கைவிட்டது.

செப்டம்பரில் பள்ளிகள் முழுமையாகத் திறந்தன. மாணவரைக் குழுக்களாகப் பிரித்தல், கைகழுவுதல், சன்னலைத் திறந்து வைத்தல் ஆகியன வழிகாட்டுதலிற் சொல்லப்பட்டன. உயர்நிலைப் பள்ளிகளில் முகக்கவசம் பற்றிய அறிவுரை, திறப்பதற்குச் சில நாட்களே இருக்கையில், ஆகஸ்டு 26-இல் மாற்றப்பட்டது. அதுவும் தாழ்வாரம் முதலிய பொது இடங்களைப் பற்றியதே. மிகவும் நலங்குன்றியோர் வீட்டிலேயே இருத்தல் வேண்டும் என்னும் அறிவுரை ஆகஸ்டு 1-ஆம் நாளே நிறுத்தி வைக்கப்பட்டமையின், நீண்ட நோயுடைய ஆசிரியரும் செப்டம்பரில் வகுப்பறைக்குத் திரும்ப வேண்டியவராயினர். நவம்பர் 5 முதல் டிசம்பர் 2 வரை நாடு இரண்டாம் முறை ஊரடங்கில் இருந்தபொழுதும் பள்ளிகள் திறந்திருந்தன. கடைகளும் உணவகங்களும் அடைபட்டிருக்க, முப்பது குழந்தைகள் நிறைந்த அறையுள் ஆசிரியர் நின்றனர்.

4. டிசம்பர் 13 முதல் ஜனவரி 4 வரை

டிசம்பரில் நிலைமை விரைந்து மாறிற்று. பின்னர் ஆல்பா எனப் பெயர்பெற்ற புதிய கிருமி வகை, இலண்டனிலும் தென்கிழக்கு மாவட்டங்களிலும் பரவுவதை உடல்நல அமைச்சர் டிசம்பர் 14-ஆம் நாள் காமன்ஸ் சபையில் அறிவித்தார். உயர்நிலைப் பள்ளி வயதினரிடையே தொற்று மிகுந்திருந்தது.

அதற்கு முதல்நாள், இலண்டனைச் சேர்ந்த கிரீனிச் வட்டார மன்றம், திங்கட்கிழமை மாலையோடு பள்ளிக் கட்டடங்களை மூடி இணையவழிக் கல்விக்கு மாறுமாறு தன் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. விடுமுறைக்கு எஞ்சியிருந்தவை சில நாட்களே. ஆயினும் கல்வியமைச்சர் கவின் வில்லியம்சன், 2020-ஆம் ஆண்டுக் கொரோனாச் சட்டம் தமக்களித்த அதிகாரத்தால், பள்ளிகளைத் திறந்து வைக்குமாறு 14-ஆம் நாள் ஆணையிட்டார். மீறின் வழக்கு என்னும் எச்சரிக்கையும் அதனோடு வந்தது. 15-ஆம் நாள் மன்றம் பணிந்தது. அதன்பின் நான்கு நாட்களில், டிசம்பர் 19-இல், இலண்டன் முழுவதும் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் கொணரப்படும் என அறிவிக்கப்பட்டது.

நாம் மேலே கூறிய இடைவெளி இந்நிகழ்ச்சியில் வெளிப்படையாகக் காணக்கிடக்கின்றது. தன் எல்லைக்குள் நோய் பெருகுவதைக் கண்ட மன்றத்திற்குப் பொறுப்பு இருந்தது. மூடும் அதிகாரம் இல்லை. அமைச்சருக்கு அதிகாரம் இருந்தது. அப்பள்ளிகளின் ஊழியர்க்கு அவர் வேலை தருவோர் அல்லர்.

பின்வந்த நாட்களில் அறிவிப்புகள் ஒன்றையொன்று துரத்தின. ஜனவரியில் உயர்நிலை மாணவர் படிப்படியாக வருதல் வேண்டும் எனவும், பள்ளிகளே பெருமளவில் நோய்ச் சோதனை நடத்துதல் வேண்டும் எனவும் டிசம்பர் 17-இல், பருவம் முடியும் தறுவாயில், அறிவிக்கப்பட்டது. நவம்பரிற் போலப் பள்ளிகளைத் திறந்துவைத்த கட்டுப்பாடுகள் புதிய கிருமியை அடக்கப் போதா என்று அரசின் அவசரகால அறிவியல் ஆலோசனைக் குழு டிசம்பர் 22-ஆம் நாட் கூட்டத்திற் கருதியது. எனினும் டிசம்பர் 30-இல், பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் ஜனவரி 4-இல் திறக்கும் எனக் கல்வியமைச்சர் கூறினார். இலண்டனில் சில வட்டாரங்களின் தொடக்கப் பள்ளிகள் மூடப்படும், சிலவற்றின் பள்ளிகள் திறக்கப்படும் என்றது அத்திட்டம். ஜனவரி 1-இல் இலண்டன் முழுவதற்கும் மூடல் என அது மாறிற்று.

ஜனவரி 2-ஆம் நாள் தேசியக் கல்விச் சங்கம், ஆலோசனைக் குழுவின் கருத்தைச் சுட்டி, 44-ஆம் பிரிவின்படி மடல் அனுப்பும் உரிமை தொடக்கப் பள்ளி உறுப்பினர்க்கு உண்டென அறிவித்தது. மறுநாள் அது இணையவழி நடத்திய கூட்டத்தை நான்கு இலட்சம் பேர் கண்டனர் என்று அச்சங்கம் கூறியது. அவ்வார இறுதியில் தலைமையாசிரியர் சங்கங்கள் இரண்டு எடுத்த நடவடிக்கை, இதனினும் குறைவாகவே பேசப்பட்டது. ஆயின் நம் நோக்கில் அதுவே சிறப்புடையது. பள்ளிகளைத் திறக்கும் முடிவிற்கு அடிப்படையான அறிவியற் சான்றுகளை வெளியிடுமாறு கோரி, அவை கல்வித்துறைமேற் சட்ட நடவடிக்கையின் முதற்படியைத் தொடங்கின. தம் ஊழியரின் உயிர்க்குப் பொறுப்பேற்க வேண்டியவர், எதன்மேல் அப்பொறுப்பை ஏற்பது என்று கேட்ட கேள்வி அது.

அதற்கு விடை வருமுன்னரே ஜனவரி 4 வந்தது. அன்றிரவு உரையில் தலைமை அமைச்சர், பள்ளிகள் குழந்தைகட்குத் தீங்கானவை அல்ல என்றும், ஆயினும் வீட்டிற்கு வீடு கிருமி பரவுதற்கு அவை வழியாகலாம் என்றும் விளக்கினார். ஆசிரியர் பல வாரங்களாகச் சொல்லி வந்ததன் ஒரு பாதி இது.

5. அச்சமும் எண்ணும்

ஆசிரியர் கொண்ட அச்சம் எவ்வளவிற்குச் சரியானது? இக்கேள்வியைத் தட்டிக் கழித்தல் ஆராய்ச்சி நெறியன்று. 2020 மார்ச் 9 முதல் டிசம்பர் 28 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் கொரோனா நோயால் இறந்த ஆசிரியத் தொழிலினர், 20 முதல் 64 வயதினருள், 139 பேர் எனத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021 ஜனவரியில் வெளியிட்டது. அவருள் ஆடவர் 66 பேர். பெண்டிர் 73 பேர். இலட்சம் பேருக்கு ஆடவர் 18.4, பெண்டிர் 9.8 என்பது இதன் வீதம். அதே வயதுடைய மக்கள் அனைவர்க்கும் இவ்வீதம் முறையே 31.4, 16.8 ஆகும். ஆகவே, ஆசிரியரைப் பொதுவாக எடுத்துக்கொண்டால், ஏனைய மக்களைவிட மிகுதியாக இறந்தனர் என்று கூற இடமில்லை. காவற்காரர், ஊர்தி ஓட்டுநர், முதியோரைப் பேணுவோர் முதலியோர் பட்ட துன்பம் பெரிது.

இவ்வெண்களை அரசின் பக்கம் நின்றோர் எடுத்தாண்டனர். அவை மெய்யே. எனினும் அவற்றால் 2021 ஜனவரியில் எழுந்த கேள்விக்கு விடை கிடைத்துவிடாது. கணக்கிட்ட பத்துத் திங்களுள், பள்ளிகள் முழுமையாகத் திறந்திருந்தது பெரும்பாலும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையே; அதன் கடைசி வாரங்களிலேதான் புதிய கிருமி பெருகிற்று. கடந்த கோடையின் எண்ணைக்கொண்டு வரும் குளிர்காலத்தின் அபாயத்தை அளத்தல் இயலாது. மேலும், சராசரி என்பது எவரொருவருடைய உடலும் அன்று. அறுபது வயதடைந்த நீரிழிவு நோயுடைய ஆசிரியர்க்கும், இருபத்தைந்து வயது இளைஞர்க்கும் அச்சராசரி ஒன்றையே கூறும்.

திருவள்ளுவர் அச்சம் பற்றிய தம் கருத்தொன்றை அறிவுடைமை என்னும் அதிகாரத்துள் வைத்துள்ளார். அச்சம் முழுவதும் கோழைமைக்கு உரியதன்று. அதனுள் ஒரு கூறு அறிவின்பாற்பட்டது என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். அஞ்சவேண்டிய அளவு இன்னது எனக் காட்டும் செய்தியை ஒருவர்க்கு மறைத்துவிட்டு, அவர் அளவிற்கு மேல் அஞ்சினார் எனக் குறை கூறுதல் பொருந்தாது.

6. குழந்தைகளின் இழப்பு

இதன் மறுபக்கத்தையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். பள்ளி மூடலால் துன்புற்றோர் குழந்தைகள். அவருள்ளும் ஏழைக் குழந்தைகள். கணினியும் இணையமும் இல்லாத வீட்டில் இணையவழிக் கல்வி பெயரளவில் நின்றது. காப்புத் தேவைப்படும் குழந்தைகட்காகப் பள்ளிகள் திறந்திருந்தும், 2020 மார்ச் இறுதியிலிருந்து மே இறுதி வரை வந்தோர் அவருள் 11 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கோடைப் பருவ இறுதியிலேதான் அது 26 விழுக்காட்டை எட்டியது. வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் குழந்தையை முதலில் அறிந்துகொள்ளும் கண் பெரும்பாலும் ஆசிரியர் கண்ணே. அக்கண்ணிற்கு அக்குழந்தை பல திங்கள் தென்படவில்லை.

எனவே, பள்ளி திறக்க வேண்டும் என்ற அமைச்சரின் நோக்கம் குறைகூறத்தக்கதன்று. குறை, அந்நோக்கத்தை நிறைவேற்றும் வழியில் இருந்தது. திறந்துவைத்தலே முதன்மை என்று கருதிய அரசு, திறந்துவைத்தற்கு வேண்டுவனவற்றை முதலிற் செய்திருத்தல் வேண்டும். உயர்நிலைப் பள்ளி வகுப்பறையினுள்ளும் முகக்கவசம் அணியலாம் என்னும் அறிவுரை, பள்ளிகள் மீண்டும் திறந்த 2021 மார்ச் 8-இலேதான் வந்தது. வாரம் இருமுறை விரைவுச் சோதனை செய்யும் முறையும் அப்பொழுதே நிலைபெற்றது. வகுப்பறைக் காற்றோட்டத்தை அறியக் கரியமில வாயுவை அளக்கும் கருவிகள் ஏறத்தாழ மூன்று இலட்சம் வழங்கப்படும் என அரசு அறிவித்தது 2021 ஆகஸ்டில். அதாவது பள்ளிகள் முதலில் மூடப்பட்டுப் பதினேழு திங்கள் கழிந்தபின். தடுப்பூசியில் தமக்கு முன்னுரிமை வேண்டும் என்ற ஆசிரியரின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. வயதுமுறையே விரைவானது என வல்லுநர் குழு 2021 பிப்ரவரியிற் கூறியது. அதற்குக் காரணமும் காட்டிற்று. காரணம் காட்டி மறுத்த அம்முடிவு கசப்பை விளைத்தாலும் மடல்களை விளைக்கவில்லை என்பது கருதத்தக்கது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், 2021 ஜனவரியில் எழுந்த பூசல் வீரத்திற்கும் கோழைமைக்கும் இடையே நிகழ்ந்ததன்று என்பது புலனாகும். ஆசிரியர்க்கும் குழந்தைகட்கும் இடையே நிகழ்ந்ததும் அன்று. நியூயார்க் நகரம் 1918-இல் பள்ளிகளைத் திறந்துவைத்தது. ஆணையிட்ட துறையே தன் மருத்துவரைப் பள்ளிக்குள் நிறுத்தியது. அவ்வேற்பாடு இருபதாண்டு உழைப்பின் பயன். இங்கிலாந்து 2020-இல் பள்ளிகளைத் திறக்க முற்பட்டபொழுது, ஆணை தலைநகரில் எழுதப்பட்டது. அபாய மதிப்பீடு ஒவ்வொரு பள்ளியிலும் எழுதப்பட்டது. முன்னதன் சான்று பின்னதை எழுதுவோர்க்குக் காட்டப்படவில்லை. அந்நிலையில், எண்ணெய் மேடைத் தொழிலாளரின் இறப்பிற்குப் பின் வளர்ந்த சட்டப் பிரிவொன்று ஆசிரியர் கையிற் கிடைத்தது. அவர் அதனைப் பற்றிக்கொண்டனர்.

அப்பிரிவின் எல்லையும் பின்னர் விரிந்தது. 2020 நவம்பரில் உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் பயனாக, நிலையான ஊழியர்க்கு மட்டும் உரியதாயிருந்த அப்பாதுகாப்பு 2021 மே 31 முதல் ஏனைத் தொழிலாளர்க்கும் உரியதாயிற்று. நாட்கூலிக்கு வரும் மாற்றாசிரியர் முதலியோரை எண்ணுங்கால் இது சிறிய மாற்றமன்று. பெருந்தொற்றின்போது குழந்தைகட்கு நேர்ந்தவற்றை ஆராய்தற்பொருட்டு, அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2025-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சாட்சியம் கேட்டது. முன்னாள் தலைமை அமைச்சரும் முன்னாள் கல்வியமைச்சரும் அதன்முன் விடையளித்தனர்.

ஜனவரி 4-ஆம் நாள் காலையிற் பள்ளிக்குச் சென்ற ஆசிரியரும், செல்ல இயலாதென மடல் விடுத்த ஆசிரியரும் மறுநாள் ஒரே வேலையைச் செய்தனர். தத்தம் வீட்டிலிருந்து பாடம் நடத்தினர். முறை வந்தபொழுது பள்ளிக்குச் சென்று, அங்கு வந்த சில குழந்தைகட்குக் கற்பித்தனர். மடல் எழுதியோர் செய்ய இசைந்ததும் அதுவே. இன்னொரு பெருநோய் வருங்கால், பள்ளியைத் திறக்க நினைக்கும் அரசு எதுவாயினும், ஆசிரியரிடம் துணிவு உண்டா என்று வினவுமுன், தன்னிடமுள்ள சான்றை அவர்க்குக் காட்டினோமா என்று தன்னைத்தானே வினவிக்கொள்ளுதல் நலம்.